அகச்சிவப்புப் படங்களில் அந்த நிறங்கள் எங்கிருந்து வருகின்றன?

லெ மோர்ன் மலையடியில் சவுக்கு மரங்கள் வெள்ளை வெளேரென்று நிற்கும். மேலே வானம் கருநீலமாகவோ செம்பழுப்பாகவோ இருக்கும். இப்படிப்பட்ட அகச்சிவப்புப் படங்கள் நம் மொரிஷியஸில் அவ்வப்போது கைபேசிகளில் சுற்றி வரும். பார்ப்பவர்களில் பாதிப் பேர் 'எல்லாம் ஃபோட்டோஷாப் வேலை' என்பார்கள். மீதிப் பேர் 'இது வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமரா' என்பார்கள். அகச்சிவப்பு பதிவாகும்படி கேமராவைப் புதிதாக மாற்றி வாங்கியவர்கள் வேறொன்று சொல்வார்கள்: கண்ணுக்குத் தெரியாத உண்மையான நிறங்கள் இவை, கேமரா அவற்றைக் காட்டிக் கொடுக்கிறது என்று. மூன்று பேச்சும் சரியில்லை. அதிலும் கடைசிதான் அதிகம் குழப்புகிறது. அதை நம்பி லென்ஸில் மாட்டும் ஃபில்டர் வாங்கப் போனால், எந்த எண்ணை வாங்குவது, ஒயிட் பேலன்ஸை எங்கே வைப்பது என்று ஒன்றும் பிடிபடாது.

அகச்சிவப்பு என்பது சிவப்புக்கு அப்பால் உள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒளி. அதற்கு நமக்குத் தெரிந்த நிறம் எதுவும் கிடையாது. படத்தில் தெரியும் நிறம், கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரில் உள்ள மூன்று வகைப் புள்ளிகள் அந்த ஒளியைச் சமமாக வாங்கிக்கொள்ளாததால் வருவது. அந்த ஏற்றத்தாழ்வு எவ்வளவு மிஞ்ச வேண்டும் என்பதை ஃபில்டர் தீர்மானிக்கிறது. மிஞ்சியதில் எதை வெள்ளை என்று வைத்துக்கொள்வது என்பதை ஒயிட் பேலன்ஸ் தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் மிச்சமெல்லாம் தானாக விளங்கும்.

வெப்பக் கேமரா வேறு

ஒளி அலையின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம்தான் அலைநீளம். அதை நானோமீட்டரில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர். நம் கண்ணுக்குத் தெரிவது ஏறத்தாழ 400 முதல் 700 வரை. 400 பக்கம் ஊதா, 700 பக்கம் சிவப்பு. அந்தச் சிவப்பைத் தாண்டியும் ஏதோ இருக்கிறது என்று 1800-இல் கண்டுபிடித்தவர் வில்லியம் ஹெர்ஷல். முப்பட்டகம் பிரித்த நிறங்களில் ஒவ்வொன்றாக வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு வெளியே, ஒளியே தெரியாத இடத்தில்தான் வெப்பமானி அதிகம் ஏறியது.

'அகச்சிவப்பு என்றால் வெப்பம்' என்ற எண்ணம் அங்கிருந்தே தொடர்கிறது. ஆனால் அகச்சிவப்பு மிகப் பரந்த பட்டை. சாதாரணக் கேமராவின் சிலிக்கான் சென்சாருக்கு ஏறத்தாழ 1,100 நானோமீட்டர் வரைதான் எட்டும். மனித உடம்பு தன் சூட்டினால் வெளிவிடும் கதிர் 10,000 நானோமீட்டருக்குப் பக்கத்தில் உச்சமடைகிறது. காய்ச்சல் பார்க்கும் வெப்பக் கேமராக்கள் வேலை செய்வது அங்கே. நாம் பேசும் படங்களில் பதிவாவது சூரியனிலிருந்து வந்து இலையிலும் பாறையிலும் பட்டுத் திரும்பிய ஒளி. சூரியன் இல்லையென்றால் படமும் இல்லை. விதிவிலக்கு வேண்டுமானால் பக்கத்துத் தீவுக்குப் போக வேண்டும். ரெயூனியனின் பிடோன் டி லா ஃபூர்னேஸ் எரிமலையில் ஓடும் குழம்பு 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும். அவ்வளவு சூடான பொருள் தானாகவே இந்தப் பட்டையில் ஒளிரும்.

கேமராவில் என்ன மாற்றுகிறார்கள்?

டிவி ரிமோட்டை எடுத்து, கைபேசியின் முன்பக்கக் கேமராவுக்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்திப் பாருங்கள். ரிமோட்டின் முனையில் உள்ள சின்ன பல்பு திரையில் வெளிர் ஊதாவாக மின்னும் (எல்லாக் கைபேசிகளிலும் தெரியாது). கண்ணால் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ரிமோட்டின் ஒளி பெரும்பாலும் 940 நானோமீட்டரில் இருக்கிறது. சென்சாருக்கு அது தெரிகிறது.

சென்சாருக்குத் தெரிந்தால் சாதாரணப் படங்களின் நிறம் கெட்டுவிடுமே என்றுதான், கேமரா செய்பவர்கள் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி ஒன்றை வைக்கிறார்கள். அதைப் பொதுவாக ஹாட் மிரர் என்பார்கள். ஃபுல் ஸ்பெக்ட்ரம் மாற்றம் என்பது அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு, ஃபோகஸ் கெடாதபடி சரியான தடிமனில் தெளிந்த கண்ணாடி ஒன்றை வைப்பது. அதன் பிறகு கேமராவுக்குள் புற ஊதாவின் ஓரமும், கண்ணுக்குத் தெரியும் ஒளியும், அகச்சிவப்பும் சேர்ந்தே நுழையும். வீட்டிலேயே திறந்து பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். உள்ளே ஃபிளாஷுக்கான கெபாசிட்டர் இருந்தால், பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

மாற்றாத கேமராவிலும் அகச்சிவப்பு ஃபில்டரை மாட்டிப் படம் எடுக்கலாம்தான். ஆனால் ஹாட் மிரர் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தடுத்துவிடுவதால், நல்ல வெயிலிலும் ஷட்டர் பல விநாடிகள் திறந்திருக்க வேண்டும். தென்கிழக்குக் காற்று வீசும் நாளில் கரும்புத் தோகை ஒரு விநாடி கூட அசையாமல் நிற்காது. படம் முழுக்கக் கலங்கல்தான்.

இனி, மாற்றிய கேமராவில் ஃபில்டர் எதுவும் போடாமல் எடுத்தால்? எல்லா ஒளியும் ஒன்றாகக் கலந்து, இளஞ்சிவப்பு படிந்த ஒரு மந்தமான படம் கிடைக்கும். எனக்கு அது பிடிப்பதில்லை. எந்த ஒளியை விடுவது, எதைத் தடுப்பது என்று முடிவெடுத்த பிறகுதான் விஷயம் சுவாரசியமாகிறது.

மூன்று மைக், இரண்டு மணி

சென்சாருக்கு ஒளியின் அளவு மட்டுமே தெரியும், நிறம் தெரியாது. அதனால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஏதாவதொரு சாயம் பூசியிருப்பார்கள். சிவப்புச் சாயத்தின் கீழுள்ள எல்லாப் புள்ளிகளின் பதிவையும் சேர்த்துச் சிவப்புச் சேனல் என்கிறோம். பச்சைக்கும் நீலத்துக்கும் அப்படியே.

காவடித் திருநாளில் கோயில் மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். தவிலுக்கு ஒரு மைக், நாதஸ்வரத்துக்கு ஒரு மைக், தாளத்துக்கு ஒரு மைக். மூன்று வயரும் ஒரு மிக்சருக்குப் போகின்றன. தவில் மைக்கைச் சிவப்புச் சேனல் என்றும், நாதஸ்வர மைக்கைப் பச்சை என்றும், தாள மைக்கை நீலம் என்றும் வைத்துக்கொள்வோம். சாதாரண நேரத்தில் ஒவ்வொரு மைக்கும் தன் வாத்தியத்தைத்தான் வாங்கும்.

இப்போது கோயில் மணிகள் அடிக்கின்றன. ஒரு மணி தவில்காரரை ஒட்டியே தொங்குகிறது. இன்னொன்று தூரத்துக் கோபுரத்தில். எந்த மைக்கும் மணிக்காக வைத்ததில்லை; ஆனாலும் மணியோசை எல்லாவற்றிலும் விழும். பக்கத்து மணி தவில் மைக்கில் பலமாகவும் மற்ற இரண்டில் மெலிதாகவும் விழும். தூரத்து மணி மூன்றிலும் ஒரே அளவில் விழும்.

சென்சாரில் நடப்பதும் இதுதான். அந்தச் சாயங்கள் கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பிரிப்பதற்காகச் செய்யப்பட்டவை. அகச்சிவப்பு வந்தால் கசியவிடும். 700 முதல் 800 வரை சிவப்புச் சாயம் தாராளமாக வழிவிடும், பச்சையும் நீலமும் அரைகுறையாக விடும். இதுதான் பக்கத்து மணி. 850-ஐத் தாண்டினால் மூன்று சாயமும் ஏறக்குறைய ஒரே அளவில் விட்டுவிடும். இது தூரத்து மணி. முதல் பட்டையில் சேனல்களுக்கிடையே வித்தியாசம் உண்டு, அதனால் நிறம் உண்டு. இரண்டாவதில் வித்தியாசம் இல்லை, நிறமும் இல்லை.

இதுவரை பார்த்தது: சென்சாருக்கு அகச்சிவப்பு தெரியும், ஹாட் மிரர்தான் அதைத் தடுத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்த பிறகு மூன்று சேனலிலும் அகச்சிவப்பு கசிகிறது. கசிவு சமமாக இல்லாத இடத்தில்தான் நிறம் பிறக்கிறது.

ஃபில்டரில் எழுதியிருக்கும் எண்

லென்ஸில் மாட்டும் ஃபில்டர் படத்துக்கு நிறம் பூசுவதில்லை. கைபேசிச் செயலிகளில் 'ஃபில்டர்' என்று தட்டிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அது ஒளியைத் தடுக்கும் கண்ணாடி, அவ்வளவே. அகச்சிவப்புக்குப் பயன்படும் பெரும்பாலான ஃபில்டர்கள் லாங் பாஸ் வகை: குறிப்பிட்ட ஓர் அலைநீளத்துக்குக் கீழே உள்ளதைத் தடுத்து, மேலே உள்ளதை விடும். அதன் மேல் எழுதியிருக்கும் 590, 720, 850 என்பவை அந்த எல்லைக்கோடு. வழக்கமாகப் பாதி ஒளி கடந்துபோகும் இடத்தை எண்ணாகக் குறிப்பார்கள்.

720 தான் எல்லாரும் முதலில் வாங்குவது; ஹோயா ஆர்72 என்ற பெயரில் பலருக்குத் தெரியும். கையில் வைத்துப் பார்த்தால் கிட்டத்தட்டக் கறுப்பு. மேடையில் வாத்தியங்கள் மூன்றும் ஓய்ந்துவிட்டன, இரண்டு மணிகள் மட்டும் கேட்கின்றன. பக்கத்து மணி இன்னும் ஒலிப்பதால் கொஞ்சம் நிறம் மிஞ்சும்.

850 பக்கத்து மணியையும் நிறுத்திவிடும். மிஞ்சுவது தூரத்து மணி. அதை மூன்று மைக்கும் ஒரே மாதிரி வாங்கியிருப்பதால், மிக்சரில் எந்தக் குமிழைத் திருகினாலும் வித்தியாசம் வராது. 850 ஃபில்டர் போட்டு எடுத்துவிட்டு ஒயிட் பேலன்ஸால் நிறத்தைக் கொண்டுவரப் போராடுபவர்கள் உண்டு. இல்லாததை யாராலும் கொண்டுவர முடியாது. அது கறுப்பு வெள்ளைக்கான ஃபில்டர். அந்த வேலையை மிக நன்றாகச் செய்யும்.

590 நேர் எதிர்ப்பக்கம். கண்ணுக்கு ஆரஞ்சாகத் தெரியும். ஆரஞ்சு, சிவப்பு ஒளியும் அகச்சிவப்போடு சேர்ந்து உள்ளே வரும், அதாவது மணிகளோடு தவிலும் வாசிக்கிறது. தவில் மைக்குக்கும் மற்ற இரண்டுக்கும் நல்ல இடைவெளி கிடைக்கிறது. பொன்னிற இலைகளும் நீல வானமுமாக இருக்கும் படங்கள் பெரும்பாலும் இந்த ஃபில்டரில் எடுத்தவை. 665 என்பது 590-க்கும் 720-க்கும் நடுவில், அவ்வளவுதான்.

லாங் பாஸில் சேராத வண்ணக் கண்ணாடிகளும் உண்டு. நீல ஒளியையும் அகச்சிவப்பையும் விட்டு நடுவில் உள்ளதைத் தடுக்கும் நீலக் கண்ணாடி போட்டால், வானம் வானமாகவே நீலத்தில் வரும், இலைகள் செம்மையேறி நிற்கும். மஞ்சள் கண்ணாடியைப் பற்றிப் பிறகு.

இலையும் வானமும்

ஒயிட் பேலன்ஸுக்குப் போகும் முன் இந்த இரண்டைப் புரிந்துகொள்ள வேண்டும். படத்தில் பெரும்பகுதி இவைதான்.

இலையில் உள்ள பச்சையம் சிவப்பு, நீல ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். 700-ஐத் தாண்டியதும் உறிஞ்சுவதை நிறுத்திவிடும். இலைக்குள் செல் சுவர்களும் அவற்றுக்கு நடுவே காற்று இடைவெளிகளும் மாறிமாறி இருக்கின்றன. அவற்றில் மோதி மோதி அகச்சிவப்பு திரும்பி வெளியே வந்துவிடும். 1910-இல் இப்படிப்பட்ட படங்களை முதன்முதலில் வெளியிட்ட அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் பெயரால், இலை இப்படி வெளுத்துத் தெரிவதை வுட் விளைவு என்கிறார்கள். பச்சையம் ஒளிர்கிறது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. வெளுப்புக்குக் காரணம் இலையின் உள்ளமைப்பு.

மயில் கொன்றை இதற்கு நல்ல சாட்சி. நவம்பர், டிசம்பரில் நம் சாலையோரங்களில் பூத்துக் குலுங்கும் ஃபிளாம்போயான் மரம் அதுதான். அந்தச் சிவப்புப் பூவும் கீழே இருக்கும் பச்சை இலையும் கண்ணுக்கு எவ்வளவு வேறு! 720 ஃபில்டர் போட்டு எடுத்தால் இரண்டும் ஒரே வெளுப்பு. எது பூ, எது இலை என்று உருவத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். பூவின் சிவப்பும் இலையின் பச்சையும் 700-க்குக் கீழே நடக்கும் விவகாரம். ஃபில்டர் அதை உள்ளேயே விடவில்லை.

வானத்தின் கதை வேறு. காற்று குறுகிய அலைகளை அதிகம் சிதறடிக்கும், நீண்ட அலைகளைக் குறைவாக. 400 நானோமீட்டர் ஒளியோடு ஒப்பிட்டால் 800-இல் சிதறல் பதினாறில் ஒரு பங்குதான். அதனால் தெளிந்த வானம் அகச்சிவப்பில் இருண்டிருக்கும். அதிலிருந்து வரும் கொஞ்சநஞ்ச ஒளியும் ஃபில்டரின் எல்லைக்கோட்டுக்கு அருகே குவிந்திருக்கும். மேடை மொழியில், வானம் பெரும்பாலும் பக்கத்து மணி. இலையில் இரண்டு மணியும் பலமாகக் கேட்கும்.

ஒயிட் பேலன்ஸ் என்ன செய்கிறது?

மிக்சரில் ஒவ்வொரு மைக்குக்கும் ஒரு குமிழ் இருக்கிறதே, அதுதான் ஒயிட் பேலன்ஸ். 'இந்தப் பொருள் வெள்ளை' என்று கேமராவிடம் சொன்னால், அந்தப் பொருளில் மூன்று சேனலும் சமமாக வரும்படி ஒவ்வொன்றையும் ஓர் எண்ணால் பெருக்கிக்கொள்ளும். பிறகு அதே எண்களால் படம் முழுவதையும் பெருக்கும்.

720 போட்டு, ஒயிட் பேலன்ஸை 'வெயில்' என்ற குறியில் விட்டு எடுத்தால் படம் முழுக்கச் செக்கச்செவேல் என்று வரும். சிவப்புச் சேனலுக்குக் கிடைத்த ஒளி அதிகம், கேமராவோ சாதாரண வெயிலுக்கான எண்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நிறைய பேர் இங்கேயே மனம் விட்டுவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது இதுதான்: கேமராவில் உள்ள கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் வசதியைத் திறந்து, வெயில் படும் பச்சை இலையையோ புல்தரையையோ திரை நிறையக் காட்டி, அதையே வெள்ளை என்று பதிய வையுங்கள். ஃபில்டர் லென்ஸிலேயே இருக்க வேண்டும். வெள்ளைத் தாள் வேண்டாம். சாம்பல் அட்டையும் வேண்டாம். கண்ணுக்குச் சாம்பலாக இருப்பது அகச்சிவப்பில் என்னவாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கரும்புக்காடு பக்கத்தில் இருந்தால் பச்சைத் தோகையைக் காட்டுங்கள். அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் சோகையைக் காட்டாதீர்கள். காய்ந்த இலையின் கணக்கு வேறு.

இலையை வெள்ளையாக வைத்ததும் வானம் தானாக ஒதுங்கி நிற்கும். இலைக்காகத் திருகிய குமிழ்கள் வானத்துக்குப் பொருந்தாது. வானத்தில் சிவப்புச் சேனலின் பங்கு இலையில் இருப்பதைவிடக் கூடுதல். அதனால்தான் 720 படங்களில் முதலில் செம்பழுப்பு வானம் வருகிறது. 590-இல் இது இன்னும் அழுத்தமாக, ஆரஞ்சாகவே வரும்.

சில கேமராக்கள் இலையைக் காட்டினால் பிழை என்று சொல்லி மறுத்துவிடும். ஒயிட் பேலன்ஸை எண்ணாகச் சொல்லும் கெல்வின் அளவைக் கையால் குறைத்துப் பார்த்தால் பலவற்றில் 2,500-க்குக் கீழே இறங்காது. அப்புறம் கணினியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூமிலும் 2,000-இல் நின்றுவிடும். ஸ்லைடரை ஓரம் வரை தள்ளியும் படம் சிவப்பாகவே இருக்கும். குறை உங்களிடம் இல்லை. அந்த அளவுகோல் மெழுகுவத்தி முதல் நிழல் வரையான சாதாரண ஒளிகளுக்காகச் செய்தது. அடோபியின் இலவச டிஎன்ஜி ப்ரொஃபைல் எடிட்டரில் உங்கள் கேமராவுக்கென்று ஒரு ப்ரொஃபைல், அதாவது அதன் நிறங்களை எப்படிக் காட்டுவது என்ற குறிப்பு, செய்து எல்லையை நகர்த்திக்கொள்ளலாம். கேமரா நிறுவனத்தின் சொந்த மென்பொருளில் திறந்து பார்ப்பதும் ஒரு வழி. கேமராவில் பதிந்த ஒயிட் பேலன்ஸை அது பெரும்பாலும் அப்படியே எடுத்துக்கொள்ளும்.

ரா ஃபைலாக எடுங்கள் என்று எல்லாரும் சொல்வதன் காரணம் இங்கே தெரியும். ரா ஃபைல் என்பது சென்சார் பதிந்த அளவுகள் பெருக்கப்படாமல் இருப்பது. ஒயிட் பேலன்ஸ் எண்கள் அதோடு ஒரு குறிப்பாக ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அப்படியானால் களத்தில் ஒயிட் பேலன்ஸ் வைப்பது வீண் வேலையா? வீண் இல்லை. பின்திரையில் தெரியும் படமும், வெளிச்சத்தின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடமும் கேமரா உள்ளே செய்துகொள்ளும் ஜேபெக்கிலிருந்து வருபவை. அது செக்கச்செவேல் என்று இருந்தால், வெளிச்சம் சரியாக விழுந்ததா என்று பார்க்கவே முடியாது.

சுருக்கமாக: ஃபில்டர் வித்தியாசத்தைத் தேர்ந்தெடுக்கிறது. ஒயிட் பேலன்ஸ் அந்த வித்தியாசத்துக்கு ஒரு நடுப்புள்ளி வைக்கிறது. இலையை நடுப்புள்ளியாக வைத்தால் வானம் சிவப்புப் பக்கம் சாய்கிறது.

வானம் எப்படி நீலமாகிறது?

சேனல் ஸ்வாப் என்பார்கள். சிவப்புச் சேனலில் உள்ளதை நீலத்துக்கும், நீலத்தில் உள்ளதைச் சிவப்புக்கும் மாற்றிப் போடுவது. ஃபோட்டோஷாப்பிலும் இலவசமாகக் கிடைக்கும் கிம்ப்பிலும் சேனல் மிக்சர் இருக்கிறது. சிவப்பு வெளியீட்டில் சிவப்பை 0, நீலத்தை 100 ஆக்குங்கள். நீல வெளியீட்டில் சிவப்பை 100, நீலத்தை 0 ஆக்குங்கள். பழுப்பு வானம் நீலமாகும், இலைகளில் லேசாக நீலம் படிந்திருந்தால் அவை வெளிர் மஞ்சளுக்கு வரும்.

ஆக, அந்த நீலம் நாம் அண்ணாந்து பார்க்கும் வானத்தின் நீலம் இல்லை. சிவப்பு மைக்கில் கூடுதலாக விழுந்ததை நீலம் என்று பெயர் மாற்றியிருக்கிறோம். ஃபோட்டோஷாப் வேலை என்றவர்கள் இந்த இடத்தில் பாதி சரி. ஆனால் வானத்துக்கும் இலைக்கும் நடுவே உள்ள வித்தியாசம் களத்தில் பதிவானது, கணினியில் உண்டாக்கியது இல்லை. ஒயிட் பேலன்ஸை முதலில் வைத்துவிட்டு அப்புறம் மாற்றுங்கள். சிவப்பாக இருக்கும் படத்தை அப்படியே மாற்றினால் நீலமாக இருக்கும் படம்தான் கிடைக்கும்.

மஞ்சள் கண்ணாடியின் கணக்கு இன்னும் சுத்தமானது. அது ஏறத்தாழ 500-க்குக் கீழே உள்ள நீல ஒளியைத் தடுத்துவிடும். தாளக்காரர் நிறுத்திவிட்டார், அவர் மைக்கில் மணியோசை மட்டும். அதாவது நீலச் சேனலில் பதிவாவது முழுக்க அகச்சிவப்பு. பச்சை, சிவப்புச் சேனல்களிலிருந்து அந்த அளவைக் கழித்தால் அவற்றின் சொந்த ஒளி தனியாகக் கிடைக்கும். பிறகு அகச்சிவப்பைச் சிவப்பாகவும், சிவப்பைப் பச்சையாகவும், பச்சையை நீலமாகவும் காட்டினால் கோடாக் நிறுவனத்தின் ஏரோகுரோம் ஃபிலிம் காட்டிய நிறங்கள் ஏறக்குறைய வந்துவிடும். இந்த வகை ஃபிலிமின் தொடக்கம் இரண்டாம் உலகப் போர்க்காலம். பச்சை வண்ணம் பூசி மறைத்ததையும் உயிருள்ள இலையையும் விமானத்திலிருந்து பிரித்துப் பார்க்க உருவாக்கினார்கள். கரும்புக்காடு முழுக்கச் சிவந்து நிற்கும். கழிக்கும் அளவை மட்டும் ஒவ்வொரு படத்துக்கும் பார்த்துப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

தீவில் எதைப் படம் எடுக்கலாம்?

கரும்பு வயல்களின் நடுவே குவித்து வைத்திருக்கும் எரிமலைக் கற்கள்தான் என் முதல் தேர்வு. வெளுத்த கரும்புக்கு நடுவே அந்தக் கருங்கல் குவியல் பளிச்சென்று தனித்து நிற்கும். தண்ணீர் அகச்சிவப்பை உறிஞ்சிவிடுவதால் பாம்ப்ளமூஸ் தாவரவியல் பூங்காவின் குளம் இருண்டு, ராட்சத அல்லி இலைகள் வெள்ளைத் தட்டுகளாகத் தெரியும்.

ஷமரெலின் ஏழு நிற மண் ஏமாற்றும். அதன் பெருமையே கண்ணுக்குத் தெரியும் நிறங்களில்தான் இருக்கிறது. 720 போட்டால் அவை போய், வெளிச்சத்தில் ஏற்ற இறக்கம் மட்டும் மிஞ்சும். போவதென்றால் மஞ்சளோ 590-ஓ எடுத்துப் போங்கள். காவடி ஊர்வலத்திலும் இதே கதை. பக்தர்கள் அணியும் அடர்ந்த இளஞ்சிவப்புத் துணியின் சாயம் அகச்சிவப்பைத் தடுக்காவிட்டால் வெளிறிப்போகும். காவடியில் கட்டிய இலையும் பூவும் ஒரே நிறமாகும். எனக்கு அந்த நாளில் சாதாரணக் கேமராதான் வேண்டும்.

சாதாரணப் படத்துக்கு ஆகாத உச்சி வெயில் இதற்கு ஏற்றது. வானம் இருண்டு, மேகம் வெளுத்து, நிழல் நன்றாக விழும். கியூர்பீப் பக்கம் மேகமூட்டத்தில் எடுத்தால் எல்லாம் ஒரே சாம்பல்.

முதலில் எந்த ஃபில்டர் என்று கேட்டால் 590 என்பேன். 720 நாளைக்கு வாங்கினால் அதே கேமராவில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் நிறம் எப்படிப் பிறக்கிறது என்பதை 590 தான் விரைவில் கற்றுத்தரும். ஃபில்டரைவிட லென்ஸில் கவனம் தேவை. சில லென்ஸ்கள் சாதாரண ஒளியில் அருமையாக இருந்தும் அகச்சிவப்பில் படத்தின் நடுவே வெளிறிய வட்டம் ஒன்றைப் போட்டுவிடும். அதை ஹாட் ஸ்பாட் என்பார்கள். அபெர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, சிறிதாக்கச் சிறிதாக்க அது கூடும். எஃப் எண் ஏற ஏறத் துளை சிறிதாகும். கையில் இருக்கும் ஒவ்வொரு லென்ஸையும் ஃபில்டரோடு மாட்டி, வெறும் வானத்தையோ சுவரையோ எஃப்/4-இல் ஒன்று, எஃப்/8-இல் ஒன்று, எஃப்/16-இல் ஒன்று எடுத்துப் பாருங்கள். எந்த எண்ணில் வட்டம் தலைகாட்டுகிறதோ, அதற்கு முந்தைய எண்ணோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.